ரோல்ஸ் பெட்டிக்குள் ராஜாக்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டு ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிற்கிறது. அலுமினியச் சட்டம், உள்ளே மூன்று தட்டு, முன்கண்ணாடி கொஞ்சம் சரிவு, பின்பக்கம் இழுத்துத் திறக்கிற இரட்டைக் கண்ணாடிக் கதவு, உச்சியில் ஒரு பல்பு ஹோல்டர். ஓம், நீங்கள் நினைத்ததேதான்! தேத்தண்ணிக் கடை வாசலில் ரோல்ஸும் சமோசாவும் கட்லட்டும் அடுக்கி வைத்து, போகிறவன் வருகிறவன் வாயிலெல்லாம் எச்சில் ஊற வைப்பார்களே, அந்தப் பெட்டி. அதற்குள்ளே இப்போது விக்டோரியா மகாராணி இருக்கிறார். பக்கத்தில் மகன் ஏழாம் எட்வேர்ட், அதற்கடுத்துப் பேரன் ஐந்தாம் ஜோர்ஜ். மேல்தட்டில் ஒல்லாந்துக் கம்பனிக்காரன். கீழ்த்தட்டில் நாம் வென்ற உலகக் கிண்ணம். இலங்கைக் காசின் முந்நூறு வருசக் கதை, கல்முனையில், ஒரு ரோல்ஸ் பெட்டிக்குள்!

இப்ப ஒருக்கா கற்பனை பண்ணிப் பாருங்களன். மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. யன்னலால் கடல்காத்து வருகிறது, றோட்டில் ஓட்டோ சத்தம். ஹோல் லைட்டை நூர்த்து விடுங்கள். கும்மிருட்டு. இப்போது அந்தப் பெட்டியின் சுவிட்சை மட்டும் தட்டுங்கள். டக்! செம்புக் காசெல்லாம் தணல் நிறத்தில் எழும்பி வருகின்றன, பித்தளைக் காசில் மஞ்சள் மினுங்குகிறது, நிக்கல் காசு வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்துகிறது, அவற்றின் சாயல் கண்ணாடிக்குக் கண்ணாடி விழுந்து ஒன்று மூன்றாகித் தெரிகிறது, எதை முதலில் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாமல் நீங்கள் மூக்கைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். முதல் தடவை அந்தச் சுவிட்சைத் தட்டிய இரவு நான் போட்டேன், நூர்த்தேன், போட்டேன், நூர்த்தேன், திரும்பவும் போட்டேன். "என்ன, கரண்ட் போய்ப் போய் வருதா?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல். "இல்ல, நான்தான்" என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.

காசு சேர்க்கிற விசர் எனக்கு மூத்தவாப்பாவின் மலிபன் பிஸ்கட் டின்னிலிருந்து தொற்றியது. ஒரு டின் மூன்று டின்னாகி, டின் அல்பமாகி, அல்பங்கள் கட்டிலுக்கடியில் போய், கடைசியில் என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத நிலை. யாராவது வந்து "காசு சேக்கிறீங்களாமே, காட்டுங்க பாப்பம்" என்றால் கட்டிலுக்கடியில் குனிந்து தூசு தட்டி எடுத்து வருவதற்குள் அவர் பிளேன்டியைக் குடித்து முடித்து எழும்பிவிடுவார். எங்கள் பக்கத்தில் காட்சிக்கு வைப்பது என்றால் ஒரே வழிதான்: தேக்கு ஷோகேஸ். பொம்பிளப் பகுதி கட்டிக் கொடுக்கிற கலியாண வீட்டில் ஹோலின் நடுச்சுவரில் அது நிற்கும். அதற்குள் பூப்போட்ட பீங்கான் கோப்பை, ஹஜ்ஜுக்குப் போனவர் கொண்டு வந்த சாமான், பெருநாளைக்குக்கூட வெளியே எடுக்காத கிளாஸ் செட். அப்படி ஒன்று செய்யலாமா என்று ஓடாவியாரிடம் விலை கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு நான் இன்னும் ஒரு டின் காசு வாங்கலாமே என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் மச்சான் ஒருவன் வந்து, மெயின் றோட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையை உடைத்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள், பழைய சாமானெல்லாம் கழிக்கிறார்கள், "மேசை கதிரை ஏதும் வேணுமா?" என்றான். போனேன். மேசையும் வேண்டாம், கதிரையும் வேண்டாம்! மூலையில், வெயிலில், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்து, ஒரு கண்ணாடியில் கீறலோடு, அது நின்றுகொண்டிருந்தது. பார்த்த அந்த நிமிசமே எனக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது, எந்தத் தட்டில் எந்த ராஜா என்பது உட்பட! ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறுமே என்று கொட்டாவி விட்டுக்கொண்டே "இது என்ன விலை?" என்று கேட்டேன். முதலாளி நல்ல மனிசன். "பழைய இரும்புக்காரன் தாறதத் தாங்க தம்பி" என்றார். நிறை பார்த்து, பழைய அலுமினிய விலைக்கு! லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, கலியாணப் பொம்பிளையைக் கூட்டி வருகிற மாதிரி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். சந்தியில் ஒரு கூட்டாளி "எங்கடா கடை போடுறாய்?" என்று கத்தினான். கையை மட்டும் ஆட்டினேன். கடையா? அவனுக்கென்ன தெரியும்!

இனித்தான் விசயத்தின் ருசியான இடம். மலிவு என்பதால் மட்டும் இந்தப் பெட்டியை நான் தலையில் வைத்துக் கூத்தாடுகிறேன் என்று நினைக்காதீர்கள். காசுக்கு மரம் ஆகாது! வெட்டி எத்தனை வருசமானாலும் மரம் ஒரு மெல்லிய புளிப்பு ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், வினாகிரியில் இருக்கிற அதே அமிலம். ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப் என்றால் பசையின் ஆவியும் சேர்ந்து இன்னும் மோசம். பூட்டிய அலுமாரிக்குள் அது தேங்கி நின்று ஈயம், செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் ஓசையில்லாமல் தின்னும். சிப்பி, சோகி சேர்க்கிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். மர இழுப்பறையில் வைத்த சிப்பியில் வெள்ளைத் தூள் பூத்து அரித்துப் போவதைப் பற்றி 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் எழுதினார், ஏதோ கிருமி வேலை என்று நினைத்தார். பிற்பாடுதான் தெரிந்தது, கிருமியுமில்லை ஒன்றுமில்லை, அலுமாரி மரத்தின் அமிலம். ஆனாலும் பெயர் இன்னும் 'பைன் நோய்'தான். இதோடு நம்முடைய கடலையும் சேருங்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலுக்கும் மெயின் றோட்டுக்கும் நடுவில் குடியிருக்கிறவர்கள் நாம். யன்னல் கம்பி, கேட், சைக்கிள் செயின் எல்லாவற்றிலும் உப்பு. அந்த உப்பும் ஈரமும் ஒரு செம்புக் காசில் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாய்க் கிளம்பும், கிளம்பினால் காசை முடிக்காமல் விடாது. இப்போது சொல்லுங்கள், அலுமினியமும் கண்ணாடியும் எப்படி? ஆவி இல்லை, அமிலம் இல்லை, கறையான் இல்லை! லட்சக்கணக்கில் கொடுத்துச் செய்கிற தேக்கு ஷோகேஸைவிட, இரும்புக்காரன் விலைக்கு வந்த ரோல்ஸ் பெட்டி என் காசுக்கு உத்தமம்! இது எனக்கு விளங்கிய அன்று தனியே இருந்து கைதட்டினேன்.

சுத்தம் பண்ணியது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். சன்லைட் சவர்க்காரம், சுடுதண்ணி, தேசிக்காய்த் தோல், பழைய பல் பிரஷ். சட்டத்தின் இடுக்கில் எத்தனை வருசத்து ரோல்ஸ் தூள் இருந்தது என்று கேளாதீர்கள். ஒன்றை மட்டும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: மூலைகளை அடைக்க ஹார்ட்வெயார் கடையில் வாங்குகிற சாதாரண சிலிக்கன் பசை காயும்போது வினாகிரி மணம் அடிக்கும். அது நான் முன்னே சொன்ன அதே அமிலம். அந்த மணம் முழுதாகப் போகும்வரை கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காசை உள்ளே கொண்டு போகாமல் இருக்க வேண்டும். நான் தினமும் காலையில் எழும்பிப் பெட்டிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு உம்மாவிடம் ஓடினாள், "வாப்பா பெட்டிக்குள்ள ரோல்ஸ் தேடுறார்" என்று.

காசை எப்படி நிறுத்துவது? இங்கேதான், மெய்யாகச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியாமல் போனது. அல்பத்தின் மெத்தென்ற பிளாஸ்டிக் தாள் பீ.வீ.சீ, நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து காசைப் பிடிக்கும், அது வேண்டாம். நேம் போட் அடிக்கிற கடைக்குப் போனேன். அங்கே லேசர் மெசின் இருக்கிறது, எழுத்து வெட்டிய மிச்சத்தில் கண்ணாடி நிற அக்ரிலிக் துண்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அக்ரிலிக் காசுக்கு ஒன்றும் செய்யாது. வெர்னியர் வைத்து ஒவ்வொரு காசையும் அளந்து, அரை மில்லிமீற்றர் கூட்டி, அந்தப் பையனிடம் கொடுத்தேன். "வட்டமா வெட்டவா காக்கா?" என்றான். "வட்டம் வட்டத்துக்கு. இந்த ஐந்து சதத்துக்குச் சதுரமா வெட்டுங்க, இந்தப் பத்துச் சதத்துக்கு இதே மாதிரி வளைவு வளைவா வெட்டுங்க" என்றேன். அவன் அந்தக் காசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு என்னைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம்! மெசினின் சிவப்புப் புள்ளி ஓடி ஓடி, பத்துச் சதத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாக வரைந்து முடிக்க, நடுத்துண்டு தானாகக் கழன்று விழுந்தது. அந்த ஓட்டைக்குள் காசை வைத்தேன். டிக் என்று உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். நடுவில் ஓட்டை போட்ட தகடு, முன்னும் பின்னும் ஒவ்வொரு மெல்லிய தகடு, நாலு மூலைக்குத் துருப்பிடிக்காத நாலு குட்டித் திருகாணி. செங்குத்தாக நிறுத்தினால் காசு அந்தரத்தில் மிதக்கிறது!

மிதக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? கடையில் இந்தப் பெட்டிக்கு முன்பக்கம் வாடிக்கையாளர், பின்பக்கம் முதலாளி, இரண்டு பக்கமும் கண்ணாடி. ஆகவே ஹோலில் நிற்கிறவருக்கு ராஜாவின் தலை தெரியும், சாப்பாட்டு மேசையில் இருக்கிறவருக்கு அதே காசின் மறுபக்கத்து மரம் தெரியும்! சுவரோடு ஒட்டி நிற்கிற எந்த ஷோகேஸ் இதைச் செய்யும்? புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தினால் 1870ஆம் ஆண்டு!

வாருங்கள், தட்டுத் தட்டாகப் பார்ப்போம், அவசரப்படாதீர்கள். மேல்தட்டில் மட்டும் மருதமுனைக் கைத்தறித் துணி விரித்திருக்கிறேன், நல்ல கரும் அரக்கு நிறம், நன்றாகக் கழுவிக் காயப்போட்ட பருத்தி. கம்பளித் துணி கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளிக் காசைக் கறுப்பாக்கும். அந்த அரக்குத் துணியில் கிடக்கிறது ஒல்லாந்துக் கம்பனியின் செம்புத் துட்டு, வீ எழுத்தின் இரண்டு காலிலும் ஓவும் சீயும் தொங்குகிற அந்த முத்திரையோடு. 1602இல் தொடங்கிய கம்பனி, நம் கரையை 1658 முதல் 1796 வரை ஆண்டது, போய்விட்டது, துட்டு மட்டும் இருக்கிறது. அடுத்து என் உயிர்: 1815ஆம் ஆண்டின் யானைக் காசு. ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ், மறுபக்கம் யானை. கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கையில் விழுந்த அதே வருசம்! அந்த யானையின் முதுகு மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது, எத்தனை பேரின் விரல் அதில் பட்டிருக்கும், யார் அதைக் கொடுத்து என்ன வாங்கியிருப்பான், நெல்லா உப்பா கருவாடா, எனக்குத் தூக்கம் வராது இதை நினைத்தால்! நடுத்தட்டுக்கு இறங்குங்கள். 1870இன் பெரிய செம்பு ஐந்து சதம், விக்டோரியாவும் ஒரு மரமும். ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு 1872இல் சட்டமாவதற்கு முன்கூட்டியே அச்சடித்து வைத்த காசு. பிறகு 1909, ஐந்து சதம் சதுரமாகிவிட்டது. 1944, யுத்த காலம், பத்துச் சதமும் இரண்டு சதமும் பூவிதழாக வளைந்துவிட்டன. அந்தச் சதுரமும் அந்த வளைவும் வரிசையாக நிற்கும்போது, எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. இரண்டாம் எலிசபெத் மகாராணியின் தலையோடு நமக்கு வந்த ஒரே காசு இரண்டு சதம், 1955இலும் 1957இலும், அது இரண்டும் என்னிடம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பெருமையடிக்காமல் எப்படி இருப்பது? கீழ்த்தட்டில் ராஜாக்கள் முடிந்தார்கள். 1963இன் ஒரு சதம், ஊதினால் பறக்கிற அலுமினியம். 1976இல் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டு ஐந்து ரூபா. 1987இன் சதுரப் பத்து ரூபா. 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த இரட்டை உலோகப் பத்து ரூபா. பிறகு, கையைத் தட்டுங்கள், லாகூரில் 1996 மார்ச் 17இல் அவுஸ்திரேலியாவை மடக்கிய கிண்ணத்துக்காக 1999இல் அடித்த ஐந்து ரூபா! கடைசியாக 2013இன் மாவட்டப் பத்து ரூபாக்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக இருபத்தைந்தும், ஒன்றும் குறையாமல். அம்பாறையை எங்கே வைத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நட்டநடுவில்!

ஒரு இடம் மட்டும் காலி. கொழும்புக் கோட்டையில் சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் என்ற பழைய கட்டடத்தில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது, போனால் என் பெட்டியில் காலியாக நிற்கிற இடத்துக்குரிய காசை அங்கே கட்டாயம் பாருங்கள். நம் கரைக்கு ஒரு காலத்தில் வந்த லாரின் என்ற வெள்ளிக் காசு வட்டமே இல்லை. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து அரபு எழுத்து அடித்தது, இங்கே புழங்கியதில் முனையை வளைத்துத் தூண்டில் வடிவமாக்கிவிட்டார்கள். பாரசீகத்து லார் நகரத்தின் பெயர் அதற்கு. வளைகுடாப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த வணிகர்களோடு 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கே புழங்கியது. என்னிடம் இல்லை! அதன் இடத்தில் கல்முனைக் கடற்கரையில் வாங்கிய நிசமான மீன்தூண்டில் ஒன்றை வைத்திருக்கிறேன், "லாரின் வரும்வரை" என்று கீழே சின்ன எழுத்தில் எழுதி. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

பல்பைச் சொல்ல மறந்தேன். ரோல்ஸைச் சூடாக வைக்கிற பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வோல்ட் எல்.ஈ.டீ பட்டி ஒட்டினேன். சூடு இல்லை. அதன் சின்னக் கறுப்புப் பெட்டியை வெளியே தொங்கவிட்டிருக்கிறேன், மோட்டார் சைக்கிள் பட்டரியிலும் எரியும். அடித்தட்டுக்குக் கீழே நீல நிறச் சிலிக்கா ஜெல் மணி ஒரு கோப்பை. ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும், தாச்சியில் இலேசாகச் சூடு காட்டினால் திரும்ப நீலம். மாரி மழைக்கு அது எப்படி நிறம் மாறுகிறது என்று பார்ப்பதே தனிப் பொழுதுபோக்கு!

குறை இல்லையா என்றால், மழை நாளில் எங்கோ ஒரு இடுக்கிலிருந்து மீன் ரோல்ஸ் வாசம் இலேசாக வரும். எனக்குப் பிடித்திருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் "ரெண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டியும்" என்று பகிடி விடுகிறார்கள், அதனால் என் மனைவி பெருநாளன்று உண்மையாகவே ரோல்ஸ் சுட்டு வைத்துவிட்டாள். உம்மா ஒரு நாள் கையில் புளியோடு வந்து, "மனே, புளி போட்டுத் தேய்ச்சா இன்னும் பளபளக்கும்" என்று பெட்டிக் கதவில் கை வைத்தா. நான் பாய்ந்து போய்ப் பிடித்தேன்! பழங்காசைத் துலக்கினால் அதன் மதிப்பு அவ்வளவுதான், இதைத் தயவுசெய்து எல்லா உம்மாமாருக்கும் சொல்லி வையுங்கள். அயல்வீட்டுப் பொடியன்கள் பள்ளி விட்டு நேராக இங்கே வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "சாச்சா, இந்த ஒரு சதத்துக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கட்டிலுக்கடியில் இருந்த காலத்தில் யார் என்னைக் கேட்டார்கள்?

வெளிநாட்டில் பொம்மை சேர்க்கிறவர்களுக்கு ஐக்கியா கடையின் டெட்டோல்ஃப் என்ற மலிவுக் கண்ணாடி அலுமாரி என்றால் ஒரு காலத்தில் பைத்தியம். அதை வாங்கித் தட்டுக் கூட்டி, லைட் ஒட்டி, என்னென்னவோ செய்வார்கள். இலங்கையில் ஐக்கியா கடை கிடையாது, நமக்குத் தேவையுமில்லை. பொத்துவிலில் இருந்து மருதமுனை வரைக்கும் மெயின் றோட்டில் எத்தனை தேத்தண்ணிக் கடை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனையிலும் ஒரு பெட்டி இருக்கிறது, எல்லாம் ஒரு நாள் பழசாகும். காசுதான் வேண்டும் என்றில்லை. முத்திரை, சோகி, பேனா, பழைய பூட்டு, மூத்தம்மாவின் பாக்குவெட்டி, எதையும் வையுங்கள், ஆனால் கட்டிலுக்கடியிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். ஏதாவது கடையில் பெட்டி கழிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் ஓடிப் போய் வாங்குங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். முத்திரை அல்பம் இரண்டு இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.